ஊசியும் கரியும்: பச்சை குத்துதல் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருத்தணி, பள்ளிப்பட்டு தொடங்கி நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் வரை தமிழக–ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து பச்சை குத்துதல் குறித்து அடுத்தடுத்து கடிதங்கள் வந்துள்ளமையால், இந்த இதழின் பதில்கள் முழுவதும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கப்படுகின்றன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

எங்கள் ஆயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தது நகரிப் பக்கம். இரண்டு முன்கைகளிலும் கோலம் போன்ற கோடுகள், ஒரு தேள், தாத்தாவின் பெயர் தெலுங்கு எழுத்தில். "கூடை விற்க வந்தவள் குத்தினாள்" என்கிறார். அது யார், எப்படிக் குத்தினார்கள்? (கல்லூரி மாணவி, பள்ளிப்பட்டு)

தங்கள் ஆயா சொல்வது சரியே. தமிழில் குறவர் என்றும் தெலுங்கில் எருகல என்றும் அழைக்கப்படும் சமூகத்துப் பெண்கள், கூடை முடைந்து விற்பதையும் குறி சொல்வதையும் போலவே பச்சை குத்துவதையும் தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தென்னிந்தியச் சமூகங்கள் பற்றிய தொகுதிகளில் இவர்களது இந்தத் தொழிலைக் குறித்திருக்கிறார். அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் காலத்தில் வருவார்கள். கூலியும் பெரும்பாலும் நெல், கேழ்வரகு, பழஞ்சேலை, வெற்றிலை பாக்கு என்றே இருக்கும்.

குத்தும் முறை எளிமையானது, ஆனால் எளிதானதன்று. மூன்று அல்லது ஐந்து தையல் ஊசிகளை நுனி சமமாக வருமாறு நூலால் இறுகக் கட்டிக்கொள்வார்கள். மை, கரியிலிருந்து வருவது. விளக்குச் சுடரில் படிந்த கரியையோ, மஞ்சள் தூளைத் துணியில் சுற்றி எரித்த கரியையோ எடுத்து, அகத்திச் சாறு, கரிசலாங்கண்ணிச் சாறு, சில இடங்களில் தாய்ப்பால் ஆகியவற்றில் குழைப்பார்கள்; பக்குவம் ஊருக்கு ஊர் மாறும். ஈர்க்குச்சியால் முதலில் தோலின் மேல் வரைந்து, அந்தக் கோட்டின் வழியே ஊசிக்கட்டால் நெருக்கமாகக் குத்தி, குருதி துடைத்து, மீண்டும் மையைத் தேய்த்து, கடைசியாக மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். வலியில் கை இழுக்காமல் இருக்கப் பாட்டுப் பாடுவதும் அந்தத் தொழிலின் பகுதியாகவே இருந்தது. ஊசி மேலாக இறங்கினால் சில வாரங்களில் மை உதிர்ந்துவிடும். அளவுக்கு மீறி இறங்கினால் கோடு கலங்கிப் பரவிவிடும். இடைப்பட்ட அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தைக் கருவி எதுவுமின்றி விரல் நுனியால் மட்டும் அறிந்த பெண்களைக் கலைஞர்கள் என்று எழுதத் தமிழ் உலகம் தயங்கியது, இன்றும் தயங்குகிறது என்பது என் வருத்தம்.

தாத்தாவின் பெயர் தெலுங்கில் இருப்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. தங்கள் பள்ளிப்பட்டும் திருத்தணியும் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. மாநில எல்லை எங்கே விழுந்தது என்பது ஊசிக்காரிகளுக்கு ஒரு பொருட்டே அன்று. கேட்ட வீட்டில் கேட்ட எழுத்தில் குத்தினார்கள். கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண், அதே பெயரைக் கையில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்துக்கொண்டாள் என்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது. தேள் கொட்டாதிருக்கத் தேள், கண் படாதிருக்கப் பின்னிப் பிணைந்த கோடுகள், வீட்டு வாசலில் இடும் புள்ளிக் கோலத்தின் சிறு வடிவம் ஆகியவை இந்தப் பகுதியில் பரவலாகக் காணப்படுபவை. இறக்கும்போது நகைநட்டைக் கழற்றிவிடுவார்கள், பச்சை ஒன்றுதான் கூட வரும் என்ற நம்பிக்கையும் ஏழைக் குடும்பங்களில் வலுவாக இருந்தது.

ஒரு வேண்டுகோள். வெயில் பக்கவாட்டில் விழும் காலை வேளையில் ஆயாவின் இரு கைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வயதில், எந்த ஊரில், என்ன கூலிக்கு, என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டுத் தேதியிட்டு எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைப் பெண்கள் இந்தப் பச்சையை நாகரிகக் குறைவாக எண்ணி முழங்கை வரை ரவிக்கைக் கையை நீட்டி மறைத்தவர்கள். அவர்களிடம் கேட்டால் விவரம் கிடைக்காது.

கரி கறுப்பு. அதைத் தோலில் குத்தினால் ஏன் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது? தோல் உரிந்து புதிதாகிக்கொண்டே இருக்கும்போது மை மட்டும் எப்படி ஆயுள் முழுவதும் நிற்கிறது? (பள்ளி ஆசிரியர், சித்தூர்)

முதல் கேள்விக்கு விடை ஒளியில் இருக்கிறது. கரித்துகள் தோலின் மேற்பரப்பில் இல்லை. அதற்குக் கீழே, ஒளியைச் சிதறடிக்கும் ஓர் அடுக்குக்குள் இருக்கிறது. தோலில் விழும் வெள்ளொளியில் சிவப்புப் பக்கத்து நீண்ட அலைகள் ஆழமாக இறங்கிக் கரியால் விழுங்கப்படுகின்றன. நீலப் பக்கத்துக் குறுகிய அலைகள் கரியை எட்டும் முன்பே சிதறித் திரும்பி நம் கண்ணுக்கு வருகின்றன. அந்த நீலத்தோடு மேல்தோலின் பழுப்பும் மஞ்சளும் கலக்கும்போது பசுமை கலந்த நிறம் தோன்றுகிறது. மணிக்கட்டில் ஓடும் இரத்தக் குழாய், உள்ளே ஓடும் குருதி அடர்சிவப்பாக இருந்தும், நீலப்பச்சையாகத் தெரிவதற்கும் இதை ஒத்த காரணமே உண்டு. வகுப்பில் காட்ட நல்ல உதாரணம்.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது; இதற்கான தெளிவான விடை அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது. நாம் உரிய விடுவது மேல்தோலை. அது ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஊசி அதைத் தாண்டி, ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கும் உள்தோலில் மையை வைக்கிறது. உடல் அதை வந்தேறிய பொருளாகவே கருதுகிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் ஓடிவந்து துகள்களை விழுங்குகின்றன. ஆனால் கரியை அவற்றால் செரிக்க முடிவதில்லை. அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன.

அந்தச் செல்லே ஆயுள் முழுவதும் உயிரோடிருந்து மையைக் காக்கிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பிரான்சின் மார்செய் நகரில் சாண்ட்ரின் ஹென்றி, பெர்னார் மாலிசென் ஆகியோரின் குழு எலிகளில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது. விழுங்கு செல்கள் இறக்கின்றன; இறக்கும்போது மையை வெளியே விடுகின்றன; அடுத்து வரும் புதிய செல்கள் அதே இடத்தில் அதே துகள்களை மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. எனவே தங்கள் ஊர்ப் பாட்டியின் கையில் இருக்கும் தேளை அறுபது ஆண்டுகளாக வைத்திருப்பது ஒரே காவலாளி அல்ல. தலைமுறை தலைமுறையாக மாறிவரும் காவலாளிகள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில துகள்கள் நழுவுகின்றன, சில நிணநீர் வழியே அக்குள் போன்ற இடங்களிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. பழைய பச்சையின் கோடுகள் மங்கியும் தடித்தும் போவது இதனால்தான்.

உலகில் மிகப் பழைய பச்சை எது? இப்போது கடைகளில் இருக்கும் மின்சார மெஷின் யார் கண்டுபிடித்தது? (திருத்தணி)

உடலில் இன்றும் காணக்கூடிய பச்சைகளில் மிகப் பழையவற்றைத் தாங்கியிருப்பவர், 1991 செப்டம்பரில் இத்தாலி–ஆஸ்திரிய எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஓட்சி. ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் உடலில் 61 குறிகள் உள்ளன என்று 2015இல் கணக்கிட்டு உறுதி செய்தார்கள். எல்லாம் கோடுகளும் சிலுவை வடிவங்களும். உருவம் எதுவும் இல்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் போன்ற, தேய்மானம் கண்ட மூட்டுகளின் அருகில் பெரும்பாலானவை இருப்பதால் வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். கீறிக் கரி பூசியதாக முன்பு எழுதினார்கள். ஒற்றை நுனிக் கருவியால் குத்தியே இடப்பட்டிருக்க வேண்டும் என்று 2024இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு கூறுகிறது. நகரிப் பாட்டியின் கைப்பச்சைக்கும் ஓட்சியின் பச்சைக்கும் அடிப்படைத் தொழில்நுட்பம் ஒன்றுதான் என்று ஆகிறது: கூர்முனையும் கரியும்.

உருவம் குத்தியவற்றில் மிகப் பழையவை எகிப்தின் கெபெலீன் என்னுமிடத்தில் கிடைத்து லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கும் மேலாக வைக்கப்பட்டிருந்த உடல்களில் உள்ளன. ஆணின் மேற்கையில் வெறும் கறையாகத் தெரிந்ததை அகச்சிவப்புப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஒரு காட்டெருதும் ஒரு காட்டாடும் என்று 2018இல் தெரியவந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோரும் பார்க்க இருந்த ஒன்றை எவரும் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். சைபீரியாவின் அல்தாய் மலைக் கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 2500 ஆண்டுப் பழமையான பாசிரிக் மக்களின் உடல்களில் முறுக்கிய உடலுடைய மான்களும் வேட்டை விலங்குகளும் உள்ளன. வடிவ அழகில் அவற்றுக்கு இணை சொல்வது கடினம்.

மெஷினின் பிறப்பு அலுவலகத்தில் நடந்தது. படிகள் எடுப்பதற்காக எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்சாரப் பேனாவில், மோட்டாரால் மேலும் கீழும் துடிக்கும் ஊசி ஒன்று தாளில் எழுத்துகளைத் துளைகளாகக் குத்தும். பிறகு அந்தத் தாளின் மேல் மை உருளையை ஓட்டினால், நம் வீட்டுக் கோல அச்சின் ஓட்டைகள் வழியே மாவு இறங்குவது போல மை கீழே உள்ள தாளில் இறங்கும். அந்தப் பேனா வணிகத்தில் நீடிக்கவில்லை. நியூயார்க்கில் பச்சை குத்தும் கடை வைத்திருந்த சாமுவேல் ஓ'ரைலி, அதே துடிக்கும் ஊசியைத் தோலுக்கு ஏற்ப மாற்றி 1891 டிசம்பர் 8 அன்று காப்புரிமை பெற்றார். இன்றைய மெஷின்களில் மின்காந்தச் சுருளோ சிறு மோட்டாரோ ஊசியை வினாடிக்கு எண்பது, நூறு முறை என்ற கணக்கில் இயக்குகிறது. வேகம் கூடியதே தவிர, ஆழம் அறியும் பொறுப்பு இன்னும் கையிடமே இருக்கிறது.

ஐரோப்பியர் இந்தக் கலையைப் புதிதாகக் கண்டது போல எழுதப்படுவது, கேப்டன் குக்கின் கப்பல் 1769இல் தஹீதித் தீவை அடைந்ததிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பயணத்தில் இருந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சன் தாமே குத்திக்கொண்டார். கடலோடிகளின் வழியாகத் துறைமுகக் கடைகளுக்கும், பிறகு அரண்மனைகளுக்கும் அது போயிற்று. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1881இல் ஜப்பானில் கையில் டிராகன் குத்திக்கொண்டார். அந்நாட்டுக் குடிமக்களுக்கோ 1872 முதல் 1948 வரை அது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது.

வைணவர்கள் தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொள்வதும் பச்சை குத்துவதும் ஒன்றா? (புத்தூர்)

ஒன்றல்ல. பஞ்ச சம்ஸ்காரம் எனப்படும் வைணவ தீட்சையின் பகுதியான அந்தச் சடங்கில், உலோக முத்திரையை நெருப்பில் காய்ச்சி ஆசாரியர் இரு தோள்களிலும் ஒற்றுகிறார்; வலத்தோளில் சக்கரம், இடத்தோளில் சங்கு. மையும் இல்லை, ஊசியும் இல்லை. சுட்ட தழும்பே அடையாளம். அதனால் பலருக்குச் சில ஆண்டுகளில் அது மங்கிப்போவதும் உண்டு. "தீயில் பொலிகின்ற செஞ்சுடர் ஆழி" என்று திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் பாடுவதால் இதன் தமிழ்நாட்டுப் பழமை தெளிவு. சங்கப் பாடல்களில் வரும் தொய்யிலையும் சிலர் பச்சை குத்துதல் என்று எழுதிவிடுகிறார்கள். அது மகளிர் தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதிய கோலம், அழியக்கூடியது. தோலின் மேல் எழுதுவது, தோலைச் சுடுவது, தோலுக்குள் மை வைப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு மரபுகள்.

பிரிட்டிஷார் காலத்தில் கைதிகளுக்கு நெற்றியில் பச்சை குத்தினார்கள் என்று படித்தேன். உண்மையா? (வழக்கறிஞர், குடியாத்தம்)

உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பெயரும் குற்றமும் தண்டனை நாளும் குத்தப்பட்டன. தப்பி ஓடினால் கண்டுபிடிக்க வசதி என்பது சொல்லப்பட்ட காரணம். தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டியும், முடியை முன்னே வளர்த்தும் கைதிகள் அதை மறைத்தார்கள். 1849இல் இந்தத் தண்டனை ஒழிக்கப்பட்டது.

சட்டம் படித்தவர் என்பதால் இதனோடு இன்னொன்றையும் சொல்கிறேன். நெற்றியில் குத்துவதை நிறுத்திய அரசு, சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பட்டியலிடும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871இல் கொண்டுவந்தது. 1911இன் திருத்தச் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தது. பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களுள், முதல் பதிலில் சொன்ன குறவர், எருகல மக்களும் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் போகக் காவல் நிலையத்தில் பதிவும் அனுமதிச் சீட்டும் வேண்டும் என்றானபோது, நடந்து திரிந்தே பிழைத்த பச்சை குத்தும் பெண்ணின் தொழில் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பலர் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். குண்டூர்ப் பக்கத்து ஸ்டூவர்ட்புரம் அப்படி எருகல மக்களுக்காக உருவானதுதான். சட்டம் 1952இல் நீங்கியது. ஊர் பெண்களின் கையெல்லாம் அழகுக் குறி வைத்தவர்களுக்கு அரசு வைத்த குறி, ஊசியின்றியே, அதைவிட ஆழமாக இறங்கியது. கைப்பச்சை மறைந்ததற்கு நாகரிக மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ராணுவத்துக்கும் மத்தியப் படைகளுக்கும் ஆள் எடுப்புக்குத் தயாராகிறேன். வலது முன்கையின் வெளிப்புறத்தில் அம்மாவின் பெயர் குத்தியிருக்கிறேன். சேர்ப்பார்களா? (இளைஞர், குப்பம்)

சிக்கல் இருக்கிறது, தம்பி. ராணுவ விதிப்படி நிரந்தரப் பச்சை, முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரையுள்ள முன்கையின் உட்பக்கத்திலும், புறங்கையிலும் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. பழங்குடியினருக்கு அவர்களது மரபுக்கேற்ப விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான தேர்வு அறிவிக்கைகள் இன்னும் குறுக்குகின்றன: மதச் சின்னம், உருவம், பெயர் ஆகியவை இருக்கலாம், இடம், வணக்கம் செலுத்தாத கையான இடது முன்கையின் உட்புறமாகவோ புறங்கையாகவோ இருக்க வேண்டும், அளவு அந்த உறுப்பின் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

தங்களுடையது வலது கையின் வெளிப்புறம் என்பதால் இரு வழியிலும் இடிக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரி விடாமல் படித்துவிட்டு, அகற்றுவது என்று முடிவெடுத்தால் உடனே தொடங்குங்கள். கீழே லேசர் பற்றிய பதிலில் உள்ளபடி அதற்கு மாதங்கள் பிடிக்கும். மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின வாரம் ஏதாவது பூசி மறைக்கலாம் என்ற யோசனை பயிற்சி மையங்களில் உலவுகிறது. பலிக்காது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும்போது சாலையோரத்தில் வேல், மயில் குத்திக்கொள்ளப் போவதாக மகன் அடம்பிடிக்கிறான். வயது பதினேழு. தடுப்பதா, விடுவதா? (தாய், சத்தியவேடு)

இந்த ஆண்டு தடுங்கள். வேலும் மயிலும் ஓராண்டு கழித்தும் கிடைக்கும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குக் குத்துவதில்லை என்பது நல்ல கலைஞர்கள் தாங்களே வைத்துக்கொண்டிருக்கும் ஒழுங்கு.

சாலையோரம் என்பதே என் முதன்மையான கவலை. ஒரே ஊசியும் ஒரே மைக்குப்பியும் அடுத்தடுத்த கைகளுக்குப் போகும் இடத்தில் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவ வாய்ப்பு உண்டு. இவற்றில் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத் துளியில் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையேனும் வீரியத்தோடு இருக்கக் கூடியது. ஊசியைத் தீக்குச்சியில் காட்டுவதோ டெட்டால் தண்ணீரில் நனைப்பதோ போதாது. மையைக் குழாய்த் தண்ணீரில் கலப்பதும் ஆபத்து; காசநோய்க் கிருமிக்கு உறவான, நீரில் வாழும் கிருமிகள் சில அவ்வழியே தோலுக்குள் சென்று, வாரக்கணக்கில் ஆறாத கொப்புளங்களைத் தந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. குத்திய கையோடு சரவணப் பொய்கையில் இறங்குவதை நினைத்தால் எனக்கு இன்னும் அச்சம். பச்சை குத்திய இடம் இரண்டு மூன்று வாரங்களுக்குத் திறந்த புண். அதுவரை குளம், ஆறு, நீச்சல் எதுவும் கூடாது.

பதினெட்டு முடிந்த பின் அவன் போகும் கடையில் தாங்களும் உடன் சென்று பாருங்கள். ஊசி முத்திரையிட்ட உறையில் இருந்து தங்கள் கண்ணெதிரே எடுக்கப்பட வேண்டும். உறையில் காலாவதித் தேதி இருக்கும். மையைச் சிறு மூடிகளில் ஒருவருக்கு மட்டும் ஊற்றி, மீந்ததைக் கொட்ட வேண்டும். மறுபடி பயன்படுத்தும் உலோகப் பாகங்களை ஆட்டோகிளேவில், அதாவது 121 டிகிரி அழுத்த நீராவியில், கிருமி நீக்கியிருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்ளும் கடை தங்களுக்கான கடையன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறானா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த மூன்று தவணைகளையும் முதலில் முடித்துவிடுங்கள்; ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. வீட்டில் எவருக்கேனும் காது குத்திய இடத்திலோ தழும்பிலோ கீலாய்டு எனப்படும் சதை வளர்ச்சி இருந்தால், மார்பிலும் தோளிலும் குத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். மையின் நிறத்திலும் கருத்து வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை 2022 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. பளபளக்கும் வண்ணங்களை விடக் கறுப்பே எனக்கு உவப்பு, அழகுக்காகவும்.

சமாதானத்துக்காகத் திருவிழாவில் "கறுப்பு மருதாணி" போட அனுமதித்துவிடாதீர்கள். மருதாணி தானாகக் கறுப்பாவதில்லை. அதில் சேர்க்கப்படும் தலைமுடிச் சாயப் பொருளான பாரா ஃபினைலின் டையமின் சிலருக்குத் தோலைக் கொப்புளிக்க வைக்கிறது. அரைத்த மருதாணியில் வேல் வரையட்டும்.

கையில் குத்திய ஒரு பெயரை அழிக்க வேண்டியுள்ளது. காரணம் கேட்க வேண்டாம். சுண்ணாம்பு வைத்தால் போகும் என்கிறார்களே? (பேரணாம்பட்டு)

காரணம் கேட்கவில்லை. சுண்ணாம்பும் சோடாவும், சேராங்கொட்டைப் பாலும், ஆசிட்டும் தோலைப் பொசுக்கும். பெயர் போய், அதே பெயரின் வடிவத்தில் தழும்பு நிற்கும். வேண்டாம்.

முறையான வழி லேசர். ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் வலுவான ஒளித்துடிப்பு, சுற்றியுள்ள தோலைச் சுடாமல் மைத்துகளை மட்டும் சூடாக்கி உடைக்கிறது. உடைந்த பொடியை விழுங்கு செல்களும் நிணநீரும் சிறிது சிறிதாக அகற்றுகின்றன. ஒரே அமர்வில் முடியாது. ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும், ஓராண்டு ஆகலாம். கறுப்பும் அடர்நீலமும் நன்றாகக் கரையும். பச்சை, மஞ்சள் மைகள் பிடிவாதமானவை. வெள்ளை, தோல்நிற மைகளில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு லேசர் பட்டவுடன் கறுத்துவிடுவதும் உண்டு. நம் போன்ற மாநிறத் தோலில், தோலின் இயல்பு நிறமே வெளுக்கவோ கறுக்கவோ வாய்ப்புள்ளதால், ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் அலைநீளத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். எனவே அழகு நிலையத்தில் செய்யாமல் தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். செலவு மிகுதியென்றால், பெயரின் மேல் இலை, கொடி, மயிற்பீலி என்று அடர்ந்த வடிவத்தைக் குத்தி மூடிவிடும் வழியும் இருக்கிறது. திறமையான கலைஞரிடம் அது நன்றாகவே அமையும்.

பெயர், கட்சி, தலைவர் ஆகியவற்றைக் குத்திக்கொண்டு பின்னால் சங்கடப்பட்டவர்களில் தாங்கள் தனியாள் அல்லர். 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது, கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. கட்சி மாறாத கை எத்தனை என்பது வேறு கணக்கு.

பச்சை குத்தினால் ரத்ததானமே செய்ய முடியாதா? (பலமனேர்)

செய்யலாம். நம் நாட்டு விதிப்படி, குத்திய நாளிலிருந்து 12 மாதம் காத்திருக்க வேண்டும். தொற்று இருந்தால் அதற்குள் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதே காரணம். ஏற்கெனவே இருப்பதைத் திருத்தி மேலே குத்தினாலும், காது மூக்குக் குத்தினாலும் இதே கணக்குதான். முகாமில் கேட்கும்போது தேதியை மறைக்காமல் சொல்லுங்கள்.